இரண்டு இடம், மூன்று பேர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, பதினஞ்சு நிமிசம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் வேறு எதைப் பேசுவேன்? மின்சாரச் சிக்கனம் பற்றி நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். காலையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தால் அந்தக் காகிதம் மடிந்து சட்டைப்பைக்குள் போய்விட்டது. முன்வரிசையில் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

நடந்தது இதுதான். காலைப் பலகாரத்துக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு மாணவர் வந்து, "சார், நான் ஹாக்கி டீம் கேப்டன், நீங்க அந்தக் காலத்துல புல்பேக் ஆடினீங்களாமே" என்றார். அந்தக் காலம் என்று சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த மாதம் அவர்களுக்குப் போட்டி இருக்கிறதாம். பின்களத்தில் மூன்று வருடமாக ஆடும் இறுதியாண்டு மாணவர் ஒருவர். கால் கொஞ்சம் கனத்துப் போயிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு பையன். மான் மாதிரி ஓடுகிறான், ஆனால் பதற்றத்தில் பந்தை எதிராளியிடமே தள்ளிவிடுகிறான். "யாரை வச்சுக்கலாம் சார்?" என்று கேட்டார். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன். ஆனால் கையிலிருந்த இடியாப்பம் தொண்டையில் இறங்கவில்லை. காரணம், இதே கேள்வியை 1991-இல் இதே கல்லூரியில் என்னிடம் ஒருவர் கேட்டார். அதற்கு நான் தப்பான பதிலைச் சொன்னேன். அது தப்பு என்று தெரிந்தே சொன்னேன்.

இன்றைய மாணவர்களுக்காக அன்றைய மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீழக்கரையில் அன்றும் கால்பந்துக்குத்தான் மவுசு. ஹாக்கி ஆடுகிறோம் என்றால், "கம்பை வச்சு என்னப்பா செய்றீங்க?" என்று கேட்பார்கள். மைதானம் என்பது மணல், சரளை, சீமைக் கருவேல முள் மூன்றும் சேர்ந்த கலவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கே பார்த்து அடித்த பந்து பாதி வழியில் யோசிக்க ஆரம்பித்துவிடும். மட்டை உடைந்தால் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி இன்னொரு மாதம் ஓட்டுவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அணி உருவாகி, மதுரையில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை போனது. அந்த அணிக்கு நான் கேப்டன்.

நான் இடப்புற புல்பேக். வலப்புறத்தில் காக்கா.

காக்கா என்றால் இந்த ஊர் வழக்கில் அண்ணன். வெளியூரிலிருந்து புதிதாக வரும் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள், ஒரு மாதத்தில் அவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். பரமக்குடியிலிருந்து வந்த நானும் அப்படித்தான். அவர் இந்த ஊர்க்காரர், வாப்பா சங்கு வியாபாரம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் எங்களோடு சேர்ந்தார். ஆகவே வகுப்பில் தோழர், வயதில் மூத்தவர். வேகம் என்று அவரிடம் பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். நாங்கள் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேரும்போது அவர் நிதானமாகப் பந்தை எடுத்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். பெனால்டி கார்னர் என்றால் கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து அடிப்பவன் முகத்துக்கு நேரே போய் நிற்பதும் அவர்தான். முகக் கவசமெல்லாம் அன்று யார் கண்டது? அவர் தாடையில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. தாடி அதை மறைத்துவிட்டது.

இறுதியாண்டில் அவர் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. அதே நேரத்தில் கோவில்பட்டியிலிருந்து முதலாமாண்டில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். கோவில்பட்டி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்கும் முன் மட்டை பிடிக்க வந்துவிடும். அவன் வந்த முதல் வாரமே பி.டி. சார் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. பின்களத்தில் இடம் இரண்டு, ஆள் மூன்று.

இங்கே கொஞ்சம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாக்கி ஆடாதவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். அதனால் நம் வலப்பக்கம் வரும் பந்தைத் தடுப்பது சுலபம். இடப்பக்கம் வருவதைத் தடுக்க ஒன்று மட்டையைத் திருப்ப வேண்டும், அல்லது காலைச் சட்டென்று மாற்றி வைத்து உடம்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இடப்புற புல்பேக்குக்கு எதிரே வருபவன் எதிரணியின் வலது ஓரத்து ஆட்டக்காரன். பொதுவாக அவர்களில் வேகமானவன். ஆக, இடப்புறத்தில் நிற்பவனுக்குக் கால் பேச வேண்டும். எனக்கோ அந்த வருடம் கால் பேசவில்லை. விடுதி மெஸ் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். அந்தப் பொறுப்பின் எடை என் இடுப்பில் ஏறியிருந்தது. கோவில்பட்டிப் பையன் பள்ளியிலிருந்தே இடப்புறம் ஆடிப் பழகியவன். புரிகிறதா? அவன் வந்து உட்கார வேண்டிய நாற்காலி என்னுடையது, காக்காவுடையது அல்ல.

அரையிறுதிக்கு முந்தைய இரவு மதுரையில் நாங்கள் தங்கியிருந்த இடத்து மாடிப்படியில் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீதான் கேப்டன். நாளைக்குப் பின்னால யாரு ரெண்டு பேரு?" என்று கேட்டார். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான், "காக்காவுக்கு முட்டி சரியில்ல சார். தம்பியை ரைட்ல போட்டுக்கலாம்" என்றேன். காக்காவின் முழங்கால் பற்றி நான் சொன்னது பொய் இல்லை. அந்த உண்மையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதில்தான் தப்பு இருந்தது.

அதற்கு முன்னும் பின்னும் இந்திய ஹாக்கியில் இதே கேள்வி எத்தனையோ தடவை எழுந்திருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததில் பெரியது 1975. கோலாலம்பூரில் உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே சொந்த மண்ணில் ஆடும் மலேசியா. நம் அணி 1-2 என்று பின்தங்கியிருந்தது, நேரமும் முடியப்போகிறது. பின்களத்தில் மைக்கேல் கிண்டோ. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர், பாறை மாதிரி நிற்பவர். அவரை வெளியே அழைத்துவிட்டு இருபத்தொரு வயது அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். இவருடைய தந்தை அஹமத் ஷேர் கான் 1936 பெர்லினில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அன்று இப்போது போல ஆட்களை விருப்பப்படி இறக்கவும் ஏற்றவும் முடியாது. இறக்கினால் இறக்கியதுதான். 65-ஆவது நிமிடம் பெனால்டி கார்னர் கிடைத்தது. அஸ்லம் கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார், கோல். அதன்பிறகு கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் ஒன்று போட, 3-2. இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையை எடுத்துவந்தோம். இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு தடவைதான்.

இந்தக் கதையை விடுதியில் காக்காதான் எங்களுக்குச் சொல்வார். அரையிறுதிக்கு முந்தைய இரவு, பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் என் தோளைத் தட்டி, "பரவாயில்லப்பா, கிண்டோவையே வெளிய கூப்பிட்டாங்க" என்று சிரித்தார். நான் அந்த இரவு தூங்கவில்லை.

ஆனால் கிண்டோவின் கதையை நான் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்று அவரை மாற்றியது அவர் மோசமாக ஆடினார் என்பதற்காக இல்லை. அந்த நேரத்தில் தேவைப்பட்டது கோல். தடுப்பதில் சிறந்தவரை எடுத்துவிட்டு அடிக்கக்கூடியவரைப் போட்டார்கள். அதில் வயதுக்குப் பங்கே இல்லை. இளையவன் வந்தான், வென்றான் என்று நாம் கதையைச் சுருக்கிவிட்டோம். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி கிண்டோ காலமான செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அவர் மைதானத்தை விட்டு வெளியே வந்த அந்த ஒரு கணம்தான் என்பது உறைத்தது. ஒரு மனிதன் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான்!

சரி, எங்கள் அரையிறுதிக்கு வருகிறேன். முதல் பாதியில் கோவில்பட்டிப் பையன் வலப்புறத்தில் அபாரமாக ஆடினான். பழக்கமில்லாத பக்கம், ஆனாலும் ஆடினான். எதிரணிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பதினைந்தாவது நிமிடத்துக்குள் எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் வந்த பந்தெல்லாம் என் பக்கம்தான். அந்த ஓரத்து ஆட்டக்காரன் என்னை இரண்டு தடவை தாண்டிப் போனான். மூன்றாவது தடவை கோல். நாங்கள் ஒன்று திருப்பிப் போட்டோம், 1-1. இடைவேளையில் பி.டி. சார் என்னைத் தனியே அழைத்து, "காக்காவை இறக்கலாமா?" என்றார். இறக்குவதென்றால் யாரோ ஒருவர் ஏற வேண்டும். "வேணாம் சார், சமாளிச்சுக்கலாம்" என்றேன். இதுவரை நான் செய்ததில் இதுதான் மோசம். முந்தைய இரவு செய்ததைப் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இடைவேளையில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி கார்னர். முதல் ஆளாகப் பாய்வது யார்? அந்த வேலையைச் செய்துவந்தவர் கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. நான் பாதி தூரம் போவதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. 1-2. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ராமநாதபுரம் வந்ததும் காக்கா இறங்கி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெனால்டி கார்னரில் முதலில் பாய்பவன் என்ன செய்கிறான் என்பது பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. கோல் போட்டவன் பெயர் தெரியும், கோல் கீப்பர் பெயர் தெரியும். நடுவே ஒருவன் தன் முழங்காலையும் முகத்தையும் பந்துக்குக் கொடுக்க ஓடுகிறானே, அவனை யார் கவனிக்கிறார்கள்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது நாட்டுக்கே தெரியவந்தது. கால் இறுதியில் பிரிட்டனோடு ஆடும்போது 17-ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று நம் பிள்ளைகள் வென்றது பெரிய விஷயம். ஆனால் ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஜெர்மனியோடு நடந்த அரையிறுதிக்கு அமித் தடை காரணமாக இல்லை. அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அணியில் அவரைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். பெனால்டி கார்னரில் அவரைப் போல முதலில் பாய ஆள் இல்லை. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில்தான் வந்தது. 2-3 என்று தோற்றோம். அன்று இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது பாரிஸ் மைதானம் இல்லை, மதுரைதான். என் மனைவி, "ஆட்டத்துக்காகவா இப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அமித் திரும்பி வந்தார், ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் கிடைத்தது.

இப்படிச் சொன்னதும் மூத்தவர்களை விடவே கூடாது என்று நான் சொல்வதாக முன்வரிசையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். பொறுங்கள். எங்கள் காலத்தில் ஆஃப்சைடு விதி இருந்தது. அனுபவமுள்ள ஒரு புல்பேக் நாலடி முன்னே நகர்ந்தாலே எதிரணியின் இரண்டு ஆட்டக்காரர்கள் செல்லாக் காசாகிவிடுவார்கள். கால் ஓடாவிட்டாலும் தலை ஓடினால் போதும். 1990-களின் பிற்பகுதியில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எதிராளி நம் முதுகுக்குப் பின்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வந்த செயற்கைப் புல்லோ மணலில் உருண்ட பந்தைத் தோட்டா மாதிரி ஆக்கிவிட்டது. ஆகவே கால் கனத்த புல்பேக்குக்கு இன்று மன்னிப்பு குறைவு. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது மதுரைக்குப் போய் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீலத் தரை, வெளிச்ச வெள்ளம், அந்தப் பிள்ளைகளின் ஓட்டம்! அதில் நான் நின்றிருந்தால் பந்து என்னைத் தாண்டிப் போனதைக் கூட மறுநாள் பத்திரிகையில்தான் படித்துத் தெரிந்துகொண்டிருப்பேன்.

ரூபிந்தர் பால் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான மனிதர், பின்கள ஆட்டக்காரர், பெனால்டி கார்னரில் இழுத்தடிப்பதில் வல்லவர். 2018-இல் புவனேசுவரத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு அவரைச் சேர்க்கவில்லை. இளைஞர்களோடு போன அணி கால் இறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அந்த விவாதம் டீக்கடைக்குத்தான் உதவும். ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. திரும்ப வந்தார். 2021-இல் டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனி 3-1 என்று முன்னால் இருந்தது. நம்மவர்கள் 3-3 ஆக்கிய பிறகு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. அதை அடித்து 4-3 ஆக்கியவர் ரூபிந்தர். கடைசியில் 5-4. 1980 மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பிறகு, நாற்பத்தொரு வருடம் கழித்து ஹாக்கியில் ஒரு பதக்கம்.

அதே ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சிம்ரன்ஜித் சிங் என்ற இளைஞர் முதலில் பதினாறு பேர் பட்டியலில் இல்லை, மாற்று ஆளாகத்தான் போனார். கொரோனா காரணமாக அந்த ஒலிம்பிக்கில் மட்டும் மாற்று ஆட்களையும் ஆடவிட விதியைத் தளர்த்தினார்கள். அந்த ஐந்து கோலில் இரண்டு அவருடையது! பட்டியல் போடுபவர்களுக்கு இதைவிட என்ன அடி வேண்டும்?

டோக்கியோ முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி ரூபிந்தர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். வயது முப்பது, 223 ஆட்டங்கள். இளையவர்களுக்கு வழிவிட வேண்டிய நேரம் என்று சொன்னார். அதே நாளில் இன்னொரு பின்கள ஆட்டக்காரர் பீரேந்திர லாக்ராவும் ஓய்வு அறிவித்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அப்போது அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இருபத்தொரு வயதில் என்னால் ஒரு அரையிறுதிக்குக்கூட விட்டுக்கொடுக்க முடியாமல் போனது நினைவுக்கு வந்தது.

கதை அதோடும் முடியவில்லை. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அதற்கு முற்றிலும் இளைய அணியை அனுப்ப முடிவு செய்தார்கள். இளையவர்களை மட்டும் அனுப்பினால் கட்டுக்குள் வைக்க ஆள் வேண்டுமே என்று ஓய்வு பெற்ற ரூபிந்தரையே கேப்டனாக அழைத்தார்கள். அவருக்குக் காயம் ஏற்பட, லாக்ரா கேப்டன் ஆனார். அவர் தலைமையில் முதன்முதலாக இந்திய அணியின் சட்டையை அணிந்தவர்கள் யார் தெரியுமா? கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும். பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தியுடையது. போன மூத்தவர் திரும்பி வந்து பின்னால் நிற்க, நம் பக்கத்துப் பிள்ளை முன்னால் போய்க் கோல் போடுகிறான். இதில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று கேட்டால் என்ன சொல்வது?

எங்கள் கோவில்பட்டிப் பையன் மறு வருடம் இடப்புறத்தில் ஆடினான். நான் படிப்பு முடித்துப் போய்விட்டேன் அல்லவா, நாற்காலி காலி. பல்கலைக்கழக அணிக்கும் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு ஒரு வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டியதை நான் பிடித்து வைத்திருந்தேன். அது காக்காவுக்குச் செய்ததோடு சேர்ந்த இன்னொரு கணக்கு. ஒரே பொய்யில் இரண்டு பேரைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டேன்.

காலையில் கேட்ட கேப்டன் தம்பி எங்கே இருக்கிறார்? ஆ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தம்பி, உன் இரண்டு ஆட்டக்காரர்களையும் நான் பார்த்ததில்லை. பெயர் சொல்லி யோசனை கூற எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இதைக் கேட்கிறேன். அந்த இறுதியாண்டு மாணவன் வெளியே உட்கார்ந்தால் அவன் செய்துவந்த எந்த வேலை ஆளில்லாமல் நிற்கும் என்று பார்த்தாயா? அவன் ஓட்டத்தை நீ அளந்திருப்பாய். பெனால்டி கார்னரில் அவன் கத்தி ஆளை நிறுத்துவதை அளந்தாயா? எதிரே ஆடப்போகிற அணியின் வேகமான ஆள் எந்தப் பக்கம் வருகிறான்? இரண்டாம் ஆண்டுப் பையன் பதறுகிறான் என்றாய். பக்கத்தில் யார் நிற்கும்போது பதறுகிறான், யார் நிற்கும்போது பதறவில்லை? இப்போது ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். எங்களுக்கு இல்லாத வசதி அது. அறுபது நிமிடத்தையும் ஒருவனுக்கே எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கடைசியாக ஒன்று. நீ எங்கே ஆடுகிறாய் தம்பி? பின்களமா? ... பார்த்தீர்களா, சிரிக்கிறார். அப்படியானால் பட்டியலை நீ எழுதாதே. உங்கள் பி.டி. சாரையே எழுதச் சொல். இடத்துக்குப் போட்டியிடுபவன் கையில் பேனா இருக்கக் கூடாது. என் கையில் இருந்தது.

இந்தக் கதையை முப்பத்துநான்கு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. இடையில் காக்கா சவுதியில் இருபது வருடம் இருந்தார். பெருநாளுக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு அழைத்து விருந்து போடுவார். திரும்பும்போது என் பையில் தொதல் பொட்டலம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், தொதல் வாயை ஒட்டிவிடும். இன்று காலை அந்தத் தம்பி கேட்ட பிறகு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று காக்காவைத் தேடிப்போய், இடியாப்பத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படியில் சொன்னது, இடைவேளையில் சொன்னது, எல்லாம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "முப்பத்துநாலு வருசமா இதையா சொமந்துக்கிட்டு இருந்தே?" என்றார். "அன்னிக்கு எனக்கு முட்டி எப்படி இருந்துச்சு தெரியுமா? படியில எறங்க முடியல. பேரு இல்லேன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. நான் ஒன்கிட்ட அதச் சொல்லல. ஆடச் சொல்லியிருந்தா ஆடியிருப்பேன், வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வரலியே!"

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் என் பக்கம் குனிந்து, "ஆனா ஒண்ணு. அந்தப் பெனால்டி கார்னருக்கு மட்டும் நான் நின்னிருந்தா அது கோல் ஆகியிருக்காது" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில், மொபைலைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டிருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார். முழங்கால் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

மாலை நாலரை மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் நட்பு ஆட்டம் இருக்கிறது. பழைய மாணவர் அணியின் பட்டியலை என்னைப் போடச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். பி.டி. சார் வந்திருக்கிறார், வயது எண்பதைத் தொட்டாலும் கண் கூர்மையாகத்தான் இருக்கிறது. அவர் எழுதிய தாள் என்னிடம் உள்ளது. வலப்புற புல்பேக் காக்கா, முதல் பத்து நிமிடம் மட்டும். இடப்புறத்தில் 2009-இல் படித்து முடித்த ஒரு தம்பி. என் பெயருக்கு நேரே சார் தன் கையால் எழுதியிருப்பது: தண்ணீர்.

எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிடுங்கள். கருவேல முள்ளையெல்லாம் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனாலும் செருப்போடு வாருங்கள்.